பெரியாரும் பன்னீர்செல்வமும்

கடவுள் இல்லை என்பவருக்கும் வேதக்கோயிலுக்குப் போகிறவருக்கும் நட்பு என்றால், "அதெல்லாம் ஓட்டுக்காகச் சேருவது சார்" என்கிறார்கள். எனக்கு சர் ஏ.டி. பன்னீர்செல்வம் ஞாபகம் வருவார்.

அவர் கத்தோலிக்கர், நீதிக்கட்சிக்காரர். 1938 டிசம்பரில் இந்தி எதிர்ப்புக்காகப் பெரியார் சிறையில் இருந்தபோது, சென்னை மாநாட்டில் அவருடைய தலைமை உரையைப் படித்தவர் இவர்தான். சரி, இதைக் கட்சி வேலை என்றே வைத்துக்கொள்வோம்.

லண்டனில் இந்தியா மந்திரியின் ஆலோசகர் பதவியை ஏற்கப் புறப்பட்டார். 1940 மார்ச் 1 அன்று அவர் ஏறிய ஹானிபால் விமானம் ஓமான் வளைகுடாப் பக்கம் காணாமல் போனது. உடல்கூடக் கிடைக்கவில்லை. அப்போது 'குடி அரசு'வில் பெரியார் எழுதிய தலையங்கத்தைத் தேடிப் படியுங்கள். மனைவி நாகம்மை போனபோதும் தாயார் போனபோதும் கலங்காத மனுஷன், இந்த மறைவு மனதை வாட்டுகிறது என்று எழுதுகிறார். செத்தவரிடம் என்ன ஓட்டு வாங்க முடியும்?

பிரெஞ்சில் படித்த எனக்கு அரகோனும் நினைவுக்கு வருவார். கம்யூனிஸ்ட் கவிஞர். ஜெர்மன்காரன் பிடியில் பிரான்ஸ் இருந்த 1943-இல், நம்பிக்கையுள்ளவனும் இல்லாதவனும் சேர்ந்து போராடி மடிவதைப் பாடினார்.

தெப்பக்குளத்தைச் சுற்றி எங்களோடு நடக்கிற ஒரு கருப்புச்சட்டைக்காரரும் ஒரு கத்தோலிக்கரும் இந்தத் தவக்காலம் தொடங்கியதிலிருந்து பேசிக்கொள்வதில்லை. மதப்பேச்சே எடுக்கக் கூடாது என்கிறார்கள் மற்றவர்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. 'குடி அரசு' எந்த மதத்தையும் விட்டுவைக்கவில்லை. பன்னீர்செல்வம் கடைசிவரை கத்தோலிக்கராகவே இருந்தார்.