விமானம் கோடீஸ்வரனுக்கு, எண்ணெய்ச் செலவு யாருக்கு?

2008-ம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவின் மூன்று பெரிய மோட்டார் கம்பெனிகளான ஜெனரல் மோட்டார்ஸ், போர்டு, கிரைஸ்லர் ஆகியவற்றின் தலைவர்கள் வாஷிங்டன் நகரில் காங்கிரஸ் சபைக் கமிட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். கம்பெனிகள் நெருக்கடியில் மூழ்குகின்றன, சர்க்கார் கஜானாவிலிருந்து 2,500 கோடி டாலர் கடன் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அப்போது சபை அங்கத்தினர் ஒருவர் ஒரு சின்னக் கேள்வி கேட்டார்: "உங்களில் யார் யார் சாதாரணப் பிரயாணிகள் விமானத்தில் வந்தீர்கள்? கையைத் தூக்குங்கள்."

ஒரு கையும் எழும்பவில்லை. டெட்ராயிட் நகரிலிருந்து மூவரும் ஆளுக்கொரு தனி ஜெட் விமானத்தில் வந்திருந்தார்கள். "விமானத்தை விற்றுவிட்டு எல்லோரையும் போலத் திரும்பிப் போக யாருக்குச் சம்மதம்?" என்று அடுத்த கேள்வி. அப்போதும் ஒரு கையும் எழும்பவில்லை.

அதே ஆண்டு ஜூலை மாதத்தில் கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 டாலர் வரை ஏறியது. அந்த விலை அந்தக் கனவான்களை விமானத்திலிருந்து இறக்கவில்லை. விஷயம் வெளியே வந்து நாடு முழுவதும் காறித் துப்பிய பிறகுதான் இறங்கினார்கள். டிசம்பரில் மறுபடியும் கடன் கேட்க வந்தபோது மோட்டார் காரில் வந்தார்கள்.

இந்தச் சம்பவத்தை இன்று ஏன் நினைவூட்டுகிறோம்? "எண்ணெய் விலை ஏறினால் வீண் செலவு தானாகக் குறையும்; சந்தையே எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிடும்" என்று முதலாளித்துவப் பொருளாதார நிபுணர்கள் ஓயாமல் உபதேசம் செய்கிறார்கள். சைக்கிளை விற்று மொபெட் வாங்கியவனுக்கு இது பொருந்தும். பெட்ரோல் விலை ஏறினால் அவன் மறுபடியும் சைக்கிளைத் தேடுகிறான். கோடீஸ்வரனுக்கு இது பொருந்துமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எவ்வளவு குடிக்கிறது?

ஜெட் விமானம் குடிப்பது நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய். பெரிய சீமான்கள் விரும்பி வாங்கும் 'கல்ப்ஸ்ட்ரீம் ஜி 650' என்ற விமானத்தின் தொட்டியில் 20 டன், அதாவது சுமார் 25,000 லிட்டர் பிடிக்கும். அதை வைத்துக்கொண்டு, ஒலியின் வேகத்தில் 100-க்கு 85 பங்கு வேகத்தில் போனால் ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர் பறக்கலாம். வேகத்தை 90 பங்காகக் கூட்டினால் 11,100 கிலோமீட்டரோடு எண்ணெய் தீர்ந்துவிடும். சீமானுக்குக் கொஞ்சம் அவசரம் வந்தால், 1,800 கிலோமீட்டருக்கு மேல் போவதற்கான எண்ணெய் புகையாகிப் போகிறது!

நிதானமாகப் பறந்தாலே மணிக்குச் சுமார் 1,750 லிட்டர் செலவு. நாலு பேர் ஏறிப் போனால் தலைக்கு 435 லிட்டருக்கு மேல். 180 பேர் ஏறும் பிரயாணிகள் ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 3,000 லிட்டர் குடிக்கிறது. அது நிரம்பிப் போனால் தலைக்கு 17 லிட்டர். வித்தியாசம் 25 மடங்கு!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விமானம் தரையிலிருந்து எழும்பி உயரே ஏறும்போதுதான் எண்ணெய் மிக வேகமாக எரிகிறது. ஆகவே குட்டிப் பிரயாணத்தில் கிலோமீட்டருக்கு ஆகும் எண்ணெய் அதிகம். ஆனால் சீமான்கள் செய்வது என்ன? சுவீடன் நாட்டுப் பேராசிரியர் ஸ்டெபான் கோஸ்லிங்கும் அவருடைய சகாக்களும் 2019 முதல் 2023 வரை உலகத்தின் தனி ஜெட் விமானங்களைப் பின்தொடர்ந்து கணக்கெடுத்து, 2024 நவம்பரில் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 26,000 விமானங்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அமெரிக்காவில் பதிவானவை. இவை பறந்த பிரயாணங்களில் கிட்டத்தட்டப் பாதி, 500 கிலோமீட்டருக்கும் குறைந்தவை. ரயிலில் சென்னையிலிருந்து மதுரை போகிற தூரம்!

2023-ம் ஆண்டில் மட்டும் இவை கக்கிய கரியமில வாயு 1 கோடியே 56 லட்சம் டன். நாலே வருஷத்தில் 46 சதவிகிதம் உயர்வு. ஒரு கிலோ மண்ணெண்ணெய் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வரும். திருப்பிக் கணக்கிட்டால், அந்த ஒரு வருஷத்தில் எரித்தது சுமார் 50 லட்சம் டன் மண்ணெண்ணெய். எரித்தவர்கள் உலக ஜனத்தொகையில் லட்சத்தில் மூன்று பேர்.

செலவு உறைக்காத மர்மம்

இவ்வளவு எண்ணெய்க்குக் காசு கொடுக்க வேண்டாமா? கொடுக்கத்தான் வேண்டும். விமானத்தை ஓட்டும் செலவில் பெரிய பங்கு எண்ணெய்தான். லிட்டர் 1 டாலர் 60 சென்ட் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 400 மணி நேரம் பறந்தால் 11 லட்சத்து 20 ஆயிரம் டாலர். பெரிய தொகைதான். ஆனால் அது முதலாளியைச் சுடுவதில்லை. ஏன்?

2017-ல் டிரம்ப் சர்க்கார் கொண்டுவந்த வரிச் சட்டம், ஒரு கம்பெனி தொழிலுக்கென்று விமானம் வாங்கினால், அதன் முழு விலையையும் முதல் வருஷத்திலேயே லாபத்திலிருந்து கழித்துக் காட்ட இடம் கொடுத்தது. 2023 முதல் இச்சலுகை படிப்படியாகக் குறைந்து வந்தது. 2025 ஜூலையில் நிறைவேறிய புதிய சட்டம் அதை முழுமையாகத் திருப்பிக் கொடுத்து, நிரந்தரமாகவும் ஆக்கிவிட்டது. விமானத்தின் விலை ஆறரைக் கோடி டாலர் என்று வையுங்கள். கம்பெனி வரி 21 சதவிகிதம். முதல் வருஷமே 1 கோடியே 36 லட்சம் டாலர் வரி மிச்சம். மேலே சொன்ன எண்ணெய்க் கணக்கில் இது பன்னிரண்டு வருஷ எண்ணெய்க் காசு!

"பல வருஷங்களில் கழிக்க வேண்டியதை முன்கூட்டியே கழிக்கிறார்கள், அவ்வளவுதானே?" என்று சிலர் வாதாடுவார்கள். சரி. அப்படியானால் ஜனங்களின் கஜானா கோடீஸ்வரனுக்குக் கொடுக்கும் வட்டியில்லாக் கடன் என்று அதற்குப் பெயர் வையுங்கள். எந்த விவசாயிக்கு இப்படிக் கடன் கிடைக்கிறது? அதோடு, எண்ணெய்ச் செலவையும் தொழிற்செலவு என்று எழுதிக்கொள்ளலாம். டாலருக்கு 21 சென்ட் அங்கேயும் மிச்சம்.

எண்ணெய் மீதுள்ள வரியைப் பாருங்கள். அமெரிக்காவில் லாரி ஓட்டுகிறவன் ஒரு காலன் டீசலுக்கு மத்திய சர்க்காருக்குச் செலுத்தும் வரி 24.4 சென்ட். சொந்த ஜெட் வைத்திருப்பவன் தன் விமான எண்ணெய்க்குச் செலுத்துவது 21.9 சென்ட். சாதாரணப் பிரயாணி தன் டிக்கட்டில் 7.5 சதவிகிதம் வரி கட்டுகிறான். சொந்த விமானத்தில் போகிறவனுக்கு டிக்கட்டும் இல்லை, அந்த வரியும் இல்லை. வாஷிங்டனில் உள்ள கொள்கை ஆராய்ச்சிக் கழகம் ஒன்று 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, அமெரிக்க விமானப் போக்குவரத்து இலாகா வழிநடத்தும் விமானங்களில் ஆறில் ஒன்று தனியார் ஜெட். அதற்கான வரி நிதியில் அவை கொடுக்கும் பங்கு 2 சதவிகிதம். மீதியைச் சுமப்பது நெரிசலில் உட்கார்ந்து போகிற பிரயாணி.

"ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்பார்கள் நம் கிராமத்தில். இங்கே நெய்க்குப் பதிலாக மண்ணெண்ணெய்!

ஏழை வீட்டு மண்ணெண்ணெய்

மண்ணெண்ணெய் என்றதும் நம் நாட்டு நிலைமையைப் பேசாமல் இருக்க முடியாது. 2016 ஜூலை முதல் ரேஷன் மண்ணெண்ணெய் விலையை லிட்டருக்கு 25 காசு வீதம் அவ்வப்போது ஏற்றிக்கொண்டே போக எண்ணெய்க் கம்பெனிகளுக்கு மத்திய சர்க்கார் அனுமதி கொடுத்தது. 2021-22 பட்ஜெட்டில் மண்ணெண்ணெய் மானியத்துக்கு ஒரு காசும் ஒதுக்கவில்லை. சிலிண்டரும் மின்சாரமும் வந்துவிட்டன என்று சமாதானம் சொன்னார்கள். பல வீடுகளில் அடுப்பு மாறியது உண்மை. சிலிண்டர் விலையைக் கேட்டுவிட்டு விறகுக்குத் திரும்பியவர்களும் உண்டு. கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் வள்ளத்தின் பின்னால் மாட்டிய எஞ்சின் மண்ணெண்ணெயில்தானே ஓடுகிறது? அந்த மீனவனுக்கு எண்ணெய் விலை ஏறினால் கடலுக்குப் போகும் நாள் குறைகிறது. வீட்டில் உலை கொதிப்பது நிற்கிறது.

2022-23-ல் இந்தியா முழுவதும் விற்ற மண்ணெண்ணெய் சுமார் 5 லட்சம் டன். உலகத்தின் தனி ஜெட் விமானங்கள் ஒரே வருஷத்தில் எரித்தது அதைப் போலப் பத்து மடங்கு! ஏழைக்குக் கொடுத்தால் அது 'மானியம்', நாட்டுக்குப் பாரம். கோடீஸ்வரனுக்குக் கொடுத்தால் அது 'ஊக்கம்', தொழில் வளர்ச்சி. ஒரே எண்ணெய்க்கு இரண்டு நியாயம்!

தொழிலாளிக்கு நஷ்டமா?

"தனி விமானத்தின் மீது கை வைத்தால் அதைச் செய்யும் தொழிலாளியின் வேலை போய்விடும்" என்று திடீரென்று தொழிலாளி மீது அனுதாபம் காட்டுகிறார்கள். கான்சாஸ் மாகாணத்தில் விச்சிட்டா என்று ஒரு நகரம். செஸ்னா ஜெட் விமானங்களைச் செய்யும் டெக்ஸ்ட்ரான் கம்பெனியின் ஆலை அங்கே இருக்கிறது. 2024 செப்டம்பரில் அங்கே சுமார் 5,000 தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். நாலு வாரம் உறுதியாக நின்ற பிறகுதான் ஒப்பந்தம் ஏற்பட்டது. தனி விமான வியாபாரம் அமோகமாக நடந்த காலத்திலேயே இதுதான் அவர்கள் கதி. அந்தக் கைத்திறன் நாலு பேருக்கு விமானம் செய்யத்தான் பயன்பட வேண்டும் என்று விதி இல்லை. நாலாயிரம் பேர் போகும் ரயில் வண்டியையும் அந்தக் கைகள் செய்யும்.

என்ன செய்ய வேண்டும்?

பிரான்ஸ் நாட்டில் 2023 மே மாதம் ஓர் உத்தரவு வந்தது. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய ஊர்களுக்கிடையே பிரயாணிகள் விமானம் ஓடக்கூடாது என்றார்கள். நல்லது. ஆனால் தனி ஜெட்டுக்கு அந்தத் தடை இல்லை! பொதுஜனம் ரயிலில் போக வேண்டும். சீமான் தலைக்கு மேலே பறந்து போவார். 2025 ஜூனில் ஸ்பெயின் நாட்டு செவில் நகரில் பிரான்ஸ், ஸ்பெயின், கென்யா, பார்படாஸ் முதலிய நாடுகள் தனி விமானங்களுக்கும் உயர்வகுப்புப் பிரயாணத்துக்கும் வரி போட ஒன்றுசேர்வதாக அறிவித்தன. அறிவிப்பு காகிதத்தில் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அந்தந்த நாட்டு மக்கள் இயக்கங்களின் பொறுப்பு.

கோரிக்கைகள் எளியவை. விமான விலையைக் கழித்துக் காட்டும் வரிச் சலுகையை ரத்து செய். தனி விமானத்தின் எண்ணெய்க்கு லாரிக்காரன் கட்டுவதைப் போலப் பல மடங்கு வரி போடு. ரயில் ஓடும் குறுகிய தூரத்துக்குத் தனி ஜெட்டைத் தடை செய். அந்தப் பணத்தில் பஸ்ஸும் ரயிலும் விடு.

விலை ஏற்றம் கோடீஸ்வரனைத் தரைக்குக் கொண்டுவராது. அந்தச் சுமையை நம் தோளுக்கு மாற்றும் வித்தை அவனுக்குத் தெரியும். 2008-ல் மூன்று சீமான்களை ஜனங்களின் கோபம் இறக்கியது. அந்தக் கோபம் ஒரு மாதத்தோடு அடங்கியதால்தான் விமானங்கள் மறுபடியும் எழும்பின. அது சட்டமாக மாறினால்தான் நிரந்தரமாக இறங்கும். அதற்கு வேண்டியது ஸ்தாபன பலம்.