எம்.எம்.ஏ வீரர் ஆகணுமா? கைதட்டல் தெரியுது, கணக்கு தெரியுமா?

குறுவை, சம்பா, தாளடி என்று வருஷத்தைக் கணக்குப் பண்ணிப் பழகிய பூமி தஞ்சாவூர். மாசக்கணக்கில் உழைப்பு, அறுவடைக்குப் பிறகுதான் காசு. நடுவில் மழை கெடுத்தால் மொத்தமும் போச்சு. மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸ், அதாவது எம்.எம்.ஏ சண்டை வீரரின் பிழைப்பும் ஏறக்குறைய இதே மாதிரிதான். நெல்லுக்காவது பயிர்க் காப்பீடு என்று ஒன்று இருக்கிறது. சண்டைக்கு முந்தின வாரம் முழங்கால் போனால் வீரருக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது.

சிலம்பமும் கபடியும் ஆடி வளர்ந்த டெல்டா பசங்களுக்கு, ரீல்ஸில் ஒரு நாக் அவுட்டைப் பார்த்ததும் "நாமளும் போகலாமே" என்று தோன்றுவது இயல்பு. அந்த ஆசையில் தப்பில்லை. ஆனால், இறங்குவதற்கு முன்னால் இது எப்படி நடக்கிற தொழில் என்று தெரிந்திருக்க வேண்டும்.

எம்.எம்.ஏ என்றால் என்ன?

குத்து, உதை, மல்யுத்தப் பிடி, தரையில் கை கால்களைப் பூட்டுவது என எல்லாம் சேர்ந்த சண்டை. வழக்கமான போட்டி தலா 5 நிமிடம் கொண்ட 3 சுற்றுகள். பட்டத்துக்கான போட்டி 5 சுற்றுகள். உலகின் பெரிய நிறுவனமான யு.எஃப்.சி 1993-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தொடங்கியது. ஆசியாவில் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன் சாம்பியன்ஷிப் பெரியது.

தமிழர் யாராவது சாதித்திருக்கிறார்களா?

ஒரு காலத்தில் நாகப்பட்டினம் துறைமுகத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். அந்த மலேசியாவின் கோலாலம்பூரில் வளர்ந்த தமிழ் இளைஞர் அகிலன் தானி. பள்ளியில் உடல் பருமனுக்காகக் கேலி செய்யப்பட்டவர், எடையைக் குறைக்கத்தான் ஜிம்முக்குப் போனார். தோல்வியே இல்லாமல் முன்னேறி, 2017 மே 26 அன்று சிங்கப்பூரில் ஒன் சாம்பியன்ஷிப் வெல்டர்வெயிட் பட்டத்துக்கு மோதினார். அப்போது வயது 21.

எதிரே நின்றவர் பென் ஆஸ்க்ரென். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக மல்யுத்தம் ஆடியவர். முதல் சுற்றிலேயே கழுத்துப் பிடியில் அகிலனின் கதை முடிந்தது. துணிச்சலில் அகிலன் குறைந்தவர் இல்லை. சின்ன வயதிலிருந்தே பாயில் புரண்டு வளர்ந்த ஒருவரின் அடித்தளம்தான் அங்கே ஜெயித்தது.

அடுத்தடுத்து தோல்விகளும் வந்தன. ஆனாலும் 2019 ஜூனில் ஷாங்காயில், 2002 ஆசிய விளையாட்டு ஜூடோ தங்கம் வென்ற யோஷிஹிரோ அகியாமாவை நடுவர்களின் ஒருமனதான தீர்ப்பில் அகிலன் வீழ்த்தினார். ஏறுவதும் இறங்குவதும் இத்தனை வேகமாக நடக்கிற தொழில் இது.

இந்திய வீரர்கள் நிலை?

உத்தராகண்டின் அன்ஷுல் ஜூப்லி, 'ரோடு டு யு.எஃப்.சி' தொடரை வென்று ஒப்பந்தம் பெற்றவர். 2023 அக்டோபரில் அபுதாபியில் தோற்றார். அடுத்த வாய்ப்பு வர 15 மாதங்களுக்கு மேல் ஆனது. 2025 பிப்ரவரியில் சிட்னியில் நடந்த அந்தச் சண்டை 19 விநாடியில் முடிந்தது, மறுபடி தோல்வி. ஒன்றேகால் வருஷக் காத்திருப்பு, 19 விநாடி வேலை!

உத்தரப் பிரதேசத்தின் பூஜா தோமர் 2024 ஜூன் 8 அன்று யு.எஃப்.சி-யில் வென்ற முதல் இந்தியர் ஆனார். அவர் நேராக எம்.எம்.ஏ-வுக்கு வரவில்லை. அதற்கு முன்பே வூஷு விளையாட்டில் தேசிய சாம்பியன். அங்கீகாரம் பெற்ற ஒரு விளையாட்டில் காலூன்றிவிட்டு வந்தவர்.

காசு எப்படி வரும்?

மாதச் சம்பளம் கிடையாது. பொதுவாக, மோதினால் ஒரு தொகை. ஜெயித்தால் போனஸாக இன்னொரு தொகை. பல ஒப்பந்தங்களில் இரண்டும் சம அளவு. அதாவது தோற்றால் பாதி வருமானம் காலி. வருகிற பணத்திலும் பயிற்சியாளர், மேலாளர் பங்கு போக வேண்டும். சாப்பாடு, ஜிம் கட்டணம், பிசியோதெரபி எல்லாம் கைக்காசு. வருஷத்துக்கு இரண்டு மூன்று சண்டை கிடைத்தாலே பெரிய விஷயம்.

உச்சியில் இருப்பவர்களுக்கே இதில் மனக்குறை உண்டு. ஒப்பந்தங்களை வைத்து வீரர்களின் ஊதியத்தை அமுக்கியதாக முன்னாள் வீரர்கள் யு.எஃப்.சி மீது 2014-ல் வழக்குப் போட்டார்கள். பத்து வருஷம் இழுத்து, 37.5 கோடி டாலர் சமரசத்தில் அது முடிந்தது.

உயிருக்கு ஆபத்து உண்டா?

அடியைவிட அமைதியாகக் கொல்வது எடைக் குறைப்பு. போட்டிக்கு முன் உடம்பிலிருக்கும் தண்ணீரை வற்றவைத்து, குறைந்த எடைப் பிரிவில் நுழைகிற பழக்கம் இது. 2015 டிசம்பரில் சீன வீரர் யாங் ஜியான் பிங், 21 வயதில், மணிலாவில் இப்படி எடையைக் குறைக்கும்போது சரிந்து விழுந்து இறந்தார். அதன் பிறகுதான் ஒன் சாம்பியன்ஷிப் விதியை மாற்றியது. உடம்பில் நீர்ச்சத்து போதுமான அளவு இருக்கிறதா என்று சிறுநீர்ப் பரிசோதனை செய்கிறார்கள்.

அமெரிக்க மாநிலங்களில் இந்தப் போட்டிகளைக் கண்காணிக்க அரசு ஆணையங்கள் உள்ளன. நாக் அவுட் ஆனவர் குறிப்பிட்ட நாட்களுக்கு மேடையேற முடியாது. நம் ஊரில் அப்படிச் சட்டபூர்வமான ஆணையம் இல்லை. ஒரு மண்டபத்தில் கூண்டு கட்டிப் போட்டி நடத்தினால், டாக்டரும் ஆம்புலன்ஸும் இருப்பதா வேண்டாமா என்பது பெரும்பாலும் நடத்துகிறவர் மனசைப் பொறுத்தது. இதுதான் உடனே மாற வேண்டியது.

அப்போ என்ன செய்யலாம்?

முதலில், அடித்தளம். மல்யுத்தம், ஜூடோ, குத்துச்சண்டை, வூஷு, சிலம்பம் இவற்றில் ஒன்றைப் பள்ளி வயதிலேயே முறையாகப் பழகுவது. சிலம்பத்துக்குத் தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் இடம் உண்டு. தனியார் நிறுவனச் சண்டையில் வாங்கும் பெல்ட் அந்தக் கணக்கில் வராது. கூண்டுக் கனவு பலிக்காவிட்டாலும் கையில் ஒரு சான்றிதழ் மிஞ்சும்.

இரண்டாவது, படிப்பையோ வேலையையோ விடாமல் இருப்பது. மூன்றாவது, கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டுவது. எத்தனை சண்டை, எத்தனை வருஷம், காயம்பட்டால் யார் செலவு என்ற மூன்று கேள்விக்கும் காகிதத்தில் பதில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாது.

அரசுக்கும் வேலை இருக்கிறது. 2026 ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டில் எம்.எம்.ஏ முதல் முறையாகப் பதக்கப் போட்டியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இனி இதை வெறும் அடிதடி என்று ஒதுக்க முடியாது. தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கம் போன்ற மாவட்ட மைதானங்களில் ஜூடோவுக்கும் மல்யுத்தத்துக்கும் நல்ல பாயும் முழுநேரப் பயிற்சியாளரும் கிடைத்தால், டெல்டா பையனோ பொண்ணோ சென்னைக்கு ஓடாமலேயே தொடங்கலாம். தனியார் போட்டிகளுக்கு மருத்துவப் பரிசோதனையையும் காப்பீட்டையும் கட்டாயமாக்க ஒரு அரசாணை போதும். ஒரு உயிர் போன பிறகு அதைப் போடுவதைவிட, இப்போதே போடுவது நல்லது.