மூச்சு விடாத சங்கதி

போன மாதம் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்காக நாச்சியாபுரம் போயிருந்தேன். காரைக்குடிப் பக்கத்து வீடுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பில் கொடுத்த காப்பி, இரண்டாங்கட்டுக்கு வந்து சேருவதற்குள் ஆறிவிடும்! அப்படிப்பட்ட ஒரு வளவில் உட்கார்ந்திருந்தபோதுதான் எழுபது வயது ஆச்சி ஒருவர் என்னிடம் ஒரு சங்கதி சொன்னார்.

ஆச்சிக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. மயக்க மருந்து டாக்டர், "உங்கள் குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் தொந்தரவு வந்ததுண்டா?" என்று கேட்டாராம். கூடப் போன மகன், "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டார். ஆச்சியும் வாயைத் திறக்கவில்லை.

"என் தங்கச்சிக்குப் பிரசவத்துல ஆபரேஷன் பண்ணுனாக தம்பி. புள்ளை நல்லாப் பொறந்திருச்சு. இவளுக்குத்தான் நாலு மணி நேரமாத் தன்னால மூச்சு வரலை. பையை வச்சு அமுக்கிக்கிட்டே இருந்தாக. வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணுக நிக்குது, வெளியே மூச்சு விடப்படாதுன்னு அப்பச்சி சொல்லிட்டாக."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோயமுத்தூர் ஆராய்ச்சி ஒன்றைப் பற்றி நான் படித்திருந்ததுதான் காரணம்.

ஆபரேஷனின்போது மூச்சுக் குழலுக்குள் குழாய் செலுத்த வேண்டுமானால் தசைகள் தளர வேண்டும். அதற்காகப் போடும் ஊசிகளில் ஒன்று சக்சினைல்கோலின். டாக்டர்கள் செல்லமாக 'ஸ்கோலின்' என்பார்கள். போட்ட ஒரு நிமிஷத்தில் உடம்பே துவண்டுவிடும். மூச்சு விடும் தசைகளுந்தான். ஆனால் நம் ரத்தத்தில் பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்று ஓர் என்ஸைம் இருக்கிறது. (பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நமக்கே மூச்சு வாங்குகிறது!) அது மருந்தைச் சிதைத்துவிடுவதால், ஐந்து பத்து நிமிஷத்தில் தசைகளுக்குப் பழைய பலம் திரும்பிவிடும். சிலருக்கு இந்த என்ஸைம் பிறவியிலேயே வேலை செய்வதில்லை. அவர்களுக்கு நிமிஷக் கணக்கு மணிக்கணக்காகிவிடும். விடாமல் செயற்கை மூச்சுக் கொடுத்தால் ஆபத்தில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள்: இந்த மருந்து தசையைக் கட்டிப்போடுமே தவிர நினைவைக் கட்டிப்போடாது. மயக்கம் தெளிந்து, பேச்செல்லாம் காதில் விழ, ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடக்க நேர்ந்தால் எப்படியிருக்கும்? டாக்டருக்கு முன்பே தெரிந்தால் வேறு மருந்து போட்டுவிடுவார். அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் குறை பரம்பரையாக வருவது என்பதை 1950-களில் கனடாவின் டொரான்டோ நகரில் வெர்னர் காலோ என்பவர் நிரூபித்தார். மருந்தையும் மரபையும் சேர்த்து ஆராயும் விஞ்ஞானம் வளர்ந்ததில் அதற்குப் பெரிய பங்குண்டு.

என்ஸைம் அடியோடு இல்லாதவர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லட்சத்தில் ஒருவர். கோயமுத்தூர் ஆரிய வைசியர்களிடையே 24 பேரில் ஒருவர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்! பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூபதி, மனோகரன் ஆகியோர், அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலுள்ள ஆக்ஸானா லாக்ரிட்ஜ் போன்றவர்களுடன் சேர்ந்து 2006-ல் இதற்குக் காரணமான ஜீன் மாறுதலை வெளியிட்டார்கள். என்ஸைமின் 307-வது இடத்தில் லூசின் இருக்க வேண்டும். அங்கே புரோலின் வந்து உட்கார்ந்திருந்தது.

இதற்காக அவர்களைப் பார்த்து யாரும் 'ஐயோ பாவம்' சொல்ல வேண்டாம். மற்றபடி அவர்கள் ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள். பல தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தால், என்றோ ஒரு மூதாதையிடம் இருந்த பிசகு பலரிடம் தங்கிவிடுகிறது. அப்படிச் செய்யாத சமூகம் நம்மில் எது, சொல்லுங்கள்! நகரத்தாரிடம் இது அதிகம் என்று நான் சொல்லவில்லை. எந்த வீட்டிலும் இருக்கக்கூடியதுதான். பெற்றோர் இருவரிடமிருந்தும் பிசகு வந்து சேர்ந்தால்தான் முழுக் குறை. அப்படி ஒருவருக்கு இருந்தால், உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்காவது வாய்ப்புண்டு.

ஆச்சியும் உடன்பிறந்தவர்தானே!

பரிசோதனை ஒன்றும் பிரமாதமில்லை. முதலில் ரத்தத்தில் என்ஸைமின் அளவைப் பார்ப்பார்கள். ஈரல் கோளாறாலும் கர்ப்பத்தாலும்கூட அது குறையலாம். ஆகவே சந்தேகம் இருந்தால் ஜீனையும் பார்க்கலாம். ஆனால் கேட்கிற டாக்டரிடம் நாமே "ஒன்றுமில்லை" என்றால், அவர் எதைக்கண்டு பரிசோதனைக்கு எழுதுவார்? பெண் பார்க்க வருகிறவர்களிடம் மறைத்துப் பழகிய வாய், டாக்டர் முன்னாலும் மறைத்துவிடுகிறது.

நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஆச்சி சற்று நேரம் பேசாமலிருந்தார்.

"அப்ப இது நோயே இல்லையா தம்பி?"

"இல்லை, ஆச்சி."

"பின்னே எதுக்கு நாப்பது வருஷமா மறைச்சோம்?"

கல்யாணச் சந்தடியில் அலைந்துகொண்டிருந்த மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அன்று மாலையே டாக்டருக்குப் போன் போயிற்று. மறுநாள் ரத்தம் கொடுத்துவிட்டுத் திரும்பியவர், திண்ணையில் உட்கார்ந்தபடியே மகனிடம் சொன்னார்:

"எனக்கு இல்லேன்னு வந்தாலும் இதை இத்தோட விடப்படாது. தங்கச்சி மக்க மூணு பேரும் சிங்கப்பூர்ல இருக்காக. அவுகளுக்கு முதல்ல நம்பரைப் போடு, நானே பேசுறேன்."