அட்டை அல்ல, ஓடில்லா நத்தை!

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் போதும். கொல்லைப்புறத்தில், குளியலறை மூலையில், துவைக்கிற கல்லுக்கு அடியில் கறுப்பாக, தட்டையாக ஒரு ஜந்து ஒட்டிக்கொண்டிருக்கும். "ஐயோ, அட்டை!" என்று அலறாத வீடு உண்டா? சகோதரிகளே, இந்த முறை அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பயப்பட வேண்டாததற்கு நாம் பயப்படுகிறோம். கவனிக்க வேண்டியதைக் கோட்டை விட்டுவிடுகிறோம்.

முதலில், இது அட்டையே இல்லை. நத்தை ஜாதி. முதுகில் ஓடு கிடையாது, அவ்வளவுதான். விஞ்ஞானத்தில் இதன் பெயர் 'லெவிகாலிஸ் ஆல்டே'. 1822-ல் ஃபெருசாக் என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர் இதற்குப் பெயர் சூட்டினார்.

எங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பெண் கைக்குழந்தைக்காரி. போன மழையில் ஓடி வந்து, "அக்கா, பாத்ரூம்ல அட்டை! குழந்தையைக் கடிச்சு ரத்தம் உறிஞ்சிடுமோ?" என்று கேட்டாள். "கடிக்காதும்மா, வா, பார்க்கலாம்" என்று கூட்டிப் போய்க் காட்டினேன். உங்களுக்கும் அடையாளம் சொல்கிறேன்.

நன்றாக வளர்ந்தது ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். சில 12 சென்டிமீட்டர் வரைகூட நீளும். காய்ந்த இலை மாதிரித் தட்டை உடம்பு. நிறம் கரும்பழுப்பு, சில சமயம் சுத்தக் கறுப்பு. நடு முதுகில் தலை முதல் வால் வரை வெளிறிய கோடு ஒன்று ஓடும். இந்தக் கோடுதான் முக்கிய அடையாளம். தலையில் இரண்டு ஜோடிக் கொம்புகள். மேல் ஜோடியின் நுனியில் கண். தொட்டால் கொம்பை இழுத்துக்கொண்டு சுருங்கிவிடும். போன வழியில் பசை மாதிரி பளபளவென்று கோடு இருக்கும். ரத்தம் குடிக்கும் அட்டையோ முன்னும் பின்னும் ஊன்றி, சாண் அளக்கிற மாதிரி நடக்கும். இது அப்படியில்லை, வழுக்கிக்கொண்டே ஊர்ந்து போகும்.

இதற்குப் பூர்வீகம் ஆப்பிரிக்கா. பூந்தொட்டி, நாற்று, மண் இவற்றோடு ஒளிந்து ஊர் ஊராகப் பரவிவிட்டது. இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசிய நாடுகள், தைவான், ஆஸ்திரேலியா, ஹவாய், சமோவா தீவுகள் என்று உஷ்ணமும் ஈரமும் சேர்ந்த இடமெல்லாம் இதற்குப் புகுந்த வீடு! பகலில் கல், தொட்டி, சருகுக்கு அடியில் பதுங்கும். ராத்திரி வெளியே வந்து இளங்கீரை, நாற்று, பூச்செடிகளை மேயும். ஈர மண்ணில் கொத்துக் கொத்தாக முட்டையிடும். ஒரே உடம்பில் ஆண், பெண் இரண்டும் உண்டு.

சரி, கடிக்காது என்றால் சும்மா விட்டுவிடலாமா? கூடாது. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு உண்டு. 1935-ல் சீனாவின் கான்டன் நகரத்து எலிகளில் இதைக் கண்டார்கள். எலியின் கழிவைத் தின்னும் நத்தை, ஓடில்லா நத்தைகளின் உடம்பில் இந்தப் புழுவின் குஞ்சுகள் வளரும். அதை மனிதர் பச்சையாக விழுங்க நேர்ந்தால், குஞ்சுகள் மூளை வரை போய் மூளைச் சவ்வில் அழற்சியை உண்டாக்கும். ஆஸ்திரேலியாவில் ஓர் இளைஞர் 2010-ல் விளையாட்டுக்கு ஓடில்லா நத்தை ஒன்றை விழுங்கினார். படுத்த படுக்கையாகி, 2018-ல் இறந்தே போனார். எல்லா நத்தையிலும் புழு இருக்காது, எல்லோருக்கும் இப்படி ஆகாது. ஆனால் கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிற வயதுக் குழந்தை வீட்டில் இருந்தால் ஜாக்கிரதை வேண்டாமா?

ஆகவே இப்படிச் செய்யுங்கள்:

கீரையை இலை இலையாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் விரலால் தேய்த்து அலசுங்கள். குட்டி நத்தை இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும். உப்புத் தண்ணீரிலோ வினிகரிலோ ஊறப்போட்டால் மட்டும் போதாது. வேக வைத்தால் பயமே இல்லை. பச்சையாகச் சேர்க்கிற கொத்தமல்லி, புதினா, முட்டைக்கோஸ் இவற்றை இரண்டு தரம் பாருங்கள்.

வெறுங்கையால் எடுக்காதீர்கள். குச்சியாலோ பழைய இடுக்கியாலோ எடுத்து, உப்புக் கரைத்த தண்ணீரில் போட்டுவிடுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். செடி மேலேயே உப்பைக் கொட்டினால் மண் கெட்டு, செடிதான் வாடும்.

சாயங்காலம் நனைத்த கோணியைத் தோட்டத்தில் விரித்து வையுங்கள். விடிந்ததும் தூக்கிப் பார்த்தால் எல்லாம் அதன் அடியில் இருக்கும், வேலை சுலபம். நத்தையைக் கொல்லக் கடையில் விற்கும் விஷ மருந்து குழந்தைக்கும் நாய்க்கும்கூட விஷம். கைக்குழந்தை உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடுங்கள். எலி சேராமல் கொல்லையைச் சுத்தமாக வையுங்கள். எலி இல்லாவிட்டால் இந்தப் புழுவும் இல்லை.

குழந்தை இதை வாயில் வைத்துவிட்டால் உடனே வாயைத் துடைத்துக் கழுவி, டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு சில வாரங்களுக்குள் கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, உடம்பில் ஊசி குத்துகிற மாதிரி உணர்ச்சி வந்தால் தாமதிக்காமல் மறுபடி போங்கள். போகும்போது, நத்தையை வாயில் வைத்த விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். நாம் சொன்னால்தானே டாக்டருக்குத் தெரியும்!