மலையேற்றமும் மகமையும்



சென்ற மாதம் நமது சங்கக் கூட்டத்தில், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு விஷயம் அரை மணி நேரம் ஓடியது. "மலை உச்சியைத் தொடாமல் திரும்பி வந்த பையனுக்கு நாம் எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்டார். "எடை குறைந்தால் விலையும் குறைய வேண்டியதுதானே" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து படுத்தபோதுதான் அந்தச் சிரிப்பு உறுத்தியது. ஏனென்றால் அந்தத் தராசைக் கட்டித் தொங்க விட்டவனே நான்தான். ஆகவே இதைப் பற்றி எழுத எனக்குக் கடமை இருக்கிறது.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு கடலோரக் கிராமத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், முப்பது வருஷமாக என்னிடம் சரக்கு எடுக்கிறார். அவர் மகன் படித்துப் பட்டம் வாங்கி, பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். சென்ற ஆடி மாதம் அந்தப் பையன் என் கடைக்கு வந்தான். ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில் இருக்கும் கிளிமஞ்சாரோ மலையில் ஏறப் போவதாகவும், அதைச் சொல்லி நன்கொடை திரட்டித் தான் படித்த அரசுப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வசதியோடு கழிப்பறை கட்டிக் கொடுக்கப் போவதாகவும் சொன்னான். கையில் ஒரு தாள் வைத்திருந்தான். மொத்தத் தேவை ஆறரை லட்சம். அதில் நாலு லட்சம் அவன் பயணத்துக்கு, இரண்டரை லட்சம் பள்ளிக்கு.

"தம்பி, சரக்கை விடச் சாக்கு எடை அதிகமா இருக்கேப்பா" என்றேன். பையன் முகம் சுருங்கி விட்டது. பேசாமல் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டான்.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி நம் கடற்கரையைப் புரட்டிப் போட்டபோது நாமெல்லாம் அரிசியும் பருப்பும் லாரியில் ஏற்றி அனுப்பினோம். அது நேராகப் போய்ச் சேர்ந்தது. சில மாதம் கழித்து ஒரு குழுவினர், மீனவர்களுக்கு வலை வாங்கித் தர நெடுந்தூர நடைப்பயணம் போகிறோம் என்று ரசீதுப் புத்தகத்தோடு வந்தார்கள். நானும் கொடுத்தேன். என் சொல்லை நம்பி என்னிடம் சரக்கு எடுக்கும் முப்பது கடைக்காரர்கள் ஐநூறும் ஆயிரமும் கொடுத்தார்கள். நடந்தார்கள். மாலை போட்டோம். பத்திரிகையில் படம் வந்தது. கணக்கு மட்டும் இன்றுவரை வரவில்லை. கடை வைத்திருந்த ஓர் அம்மா, "அண்ணாச்சி, அந்தப் பணத்துல எத்தனை வலை வாங்குனாங்க?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போன பணத்தை விட, கடன் சிட்டையே இல்லாமல் என் சொல்லுக்குச் சரக்கு எடுப்பவர்கள் முன்னால் நான் தலைகுனிந்து நின்றதுதான் பெரிய நஷ்டம்.

பத்து நாள் கழித்து அந்தப் பையன் மறுபடியும் வந்தான். "பெரியப்பா, கார் வாங்கச் சேர்த்து வைச்சிருந்த பணத்துல என் செலவை நானே பார்த்துக்கறேன். வசூல் ஆகறதுல ஒரு ரூபா கூட மலைக்குப் போகாது. எல்லாம் பள்ளி மேலாண்மைக் குழு கணக்குக்கு நேரா போயிடும்" என்றான்.

"அப்புறம் எதுக்குத் தம்பி மலை? நேராவே கேட்கலாமே?"

"நேரா கேட்டா நீங்க நூறு ரூபா குடுத்து அனுப்பிடுவீங்களே, பெரியப்பா!"

எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைத்தானே சொன்னான்!

கஷ்டத்துக்கு இரங்கும் கை

யோசித்துப் பார்த்தால் இது வெள்ளைக்காரர் வழக்கம் மட்டும் அல்ல. நம் திருக்கழுக்குன்றத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வேதகிரீஸ்வரர் மலைக்கு ஐநூறு படிகளுக்கு மேல். உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் உண்டு போவதைப் பார்க்க ஊர் ஊராக ஜனங்கள் வந்த காலத்தை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அந்தக் கழுகுகள் வருவது 1990-களோடு நின்று போயிற்று. ஆனால் மலை ஏறுகிறவனுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பதும், கிரிவலம் வருகிறவனுக்கு அன்னதானம் போடுவதும் நிற்கவில்லை. அதற்கு அரிசி மூட்டை கொடுக்கிறவர்கள் நம் கடைக்காரர்கள்தான். ஒருவன் உடம்பை வருத்திக்கொண்டு போகும்போது, பார்த்துக்கொண்டிருப்பவன் கை தானாகப் பைக்குள் போகிறது. அது மனித சுபாவம்.

வெளிநாட்டில் இதை ஒரு முறையாகவே வைத்திருக்கிறார்கள். 2020-ல் கொரோனா நேரத்தில் இங்கிலாந்தில் டாம் மூர் என்ற முன்னாள் ராணுவ கேப்டன், நூறு வயது நிறைவதற்குச் சில நாள் முன்பு, நடைவண்டியைப் பிடித்தபடி தன் வீட்டுத் தோட்டத்தில் நூறு முறை நடந்தார். அரசு மருத்துவத் துறை சார்ந்த அறநிதிகளுக்கு மூன்று கோடி பவுனுக்கு மேல் குவிந்தது. அவர் ஏறியது மலை அல்ல, நடந்தது வீட்டுத் தோட்டம்! அந்தப் பணம் சேர வேண்டிய இடத்துக்குப் போனது. ஆனால் பிற்பாடு அவர் பெயரில் குடும்பத்தார் தொடங்கிய அறக்கட்டளையை அந்நாட்டு அறக்கட்டளை ஆணையம் விசாரித்து, சொந்த ஆதாயம் கலந்து விட்டது என்று 2024-ல் அறிக்கை வெளியிட்டது. நல்ல பெயர் ஒரு தலைமுறைக்குக் கூடத் தாங்கவில்லை.

எவரெஸ்டை 1953-ல் டென்சிங்குடன் ஏறிய எட்மண்ட் ஹிலாரி வேறு மாதிரி. ஏறும்போது அவர் யாரிடமும் தர்மத்துக்கு வசூல் செய்யவில்லை. தன்னோடு மூட்டை சுமந்த ஷெர்பா மக்களுக்கு என்ன வேண்டும் என்று பிறகு கேட்டார். பள்ளிக்கூடம் வேண்டும் என்றார்கள். 1961-ல் கும்ஜுங் கிராமத்தில் பள்ளி எழுந்தது. 1966-ல் குண்டே கிராமத்தில் ஆஸ்பத்திரி. 1975-ல் ஆஸ்பத்திரி கட்டும் இடத்துக்கு வந்துகொண்டிருந்த அவர் மனைவியும் மகளும் விமான விபத்தில் இறந்தார்கள். அப்போதும் அவர் பணியை விடவில்லை. 2008-ல் சாகும் வரை செய்தார். உச்சியில் நின்றது கால் மணி நேரம்தான், கொடுத்தது நாற்பது வருஷத்துக்கு மேல்.

நம் பக்கத்திலும் மலை ஏறியவர்கள் உண்டு. நமது மாவட்டத்துக் கோவளத்திலிருந்து அலைச்சறுக்குப் பயிற்சியாளர் ராஜசேகர் பச்சை 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறினார். அதே மாதம் 23-ம் தேதி விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி ஏறி, எவரெஸ்ட் தொட்ட முதல் தமிழகப் பெண் என்று பெயர் பெற்றார். அவருக்குத் தமிழக அரசு பத்து லட்சம் ரூபாய் உதவி செய்தது. அது மலை ஏறும் செலவுக்கு என்று சொல்லியே கொடுத்த பணம். அதில் குழப்பம் எதுவும் இல்லை. எவரெஸ்டுக்கு நேபாள அரசு வாங்கும் அனுமதிக் கட்டணமே 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர், அதாவது சுமார் பதின்மூன்று லட்சம் ரூபாய். உதவி இல்லாமல் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் போக முடியாது. வீரனுக்கு வீரன் என்று சொல்லிக் கொடுப்பது ஒரு கணக்கு. தர்மத்துக்கு தர்மம் என்று சொல்லிக் கொடுப்பது இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுதும்போதுதான் கோளாறு வருகிறது.

நான் கட்டிய தராசு

பையன் சாக்கு எடையைக் கழித்து வந்ததும் எனக்கு உற்சாகம் வந்து விட்டது. நம்மவர்களுக்குப் புரியும்படி ஒரு யோசனை சொன்னேன். "கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர். ஒரு மீட்டருக்கு ஒரு ரூபா, எட்டணா என்று கடைக்காரர்கள் எழுதட்டும். எத்தனை மீட்டர் ஏறுகிறாயோ அத்தனைக்குப் பணம்." 42 கடைக்காரர்கள் எழுதினார்கள். கூட்டினால் மீட்டருக்கு 31 ரூபாய். உச்சி தொட்டால் 1,82,745 ரூபாய். மீதியை அலுவலக நண்பர்களிடம் திரட்டுவதாகப் பையன் சொன்னான்.

தை மாதம் போனான். கிளிமஞ்சாரோவில் கயிறு கட்டித் தொங்க வேண்டிய அவசியம் இல்லை, நடந்தே ஏறலாம். எதிரி காற்றுதான். உச்சியில் கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதி அளவுதான் பிராணவாயு கிடைக்கும். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை. நடு இரவில் கடைசி முகாமிலிருந்து கிளம்பி 5,300 மீட்டர் வரை போனபோது தலை வெடிக்கிற வலி, வாந்தி, கால் தள்ளாட்டம். இதற்கு மருந்து ஒன்றுதான், உடனே கீழே இறங்குவது. வழிகாட்டி இறங்கச் சொன்னார்.

திரும்பி வந்து என்னைப் பார்த்தபோது அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பெரியப்பா, இறங்கச் சொன்னப்போ எனக்கு உச்சி ஞாபகம் வரல. இன்னும் 595 மீட்டர், மீட்டருக்கு 31 ரூபா, பதினெட்டாயிரம் ரூபா மேலே கிடக்குதேன்னுதான் நினைச்சேன். அரை மணி நேரம் இறங்காம நின்னேன்."

நண்பர்களே, பதினெட்டாயிரம் ரூபாய்! எண்ணெய் டின்னில் ஒரு வாரம் விலை ஏறி இறங்கினால் எனக்கு வருவதும் போவதும் அந்தத் தொகை. அதற்காக என் நண்பரின் ஒரே மகன் அந்தக் குளிரில் அரை மணி நேரம் உயிரைப் பணயம் வைத்து நின்றிருக்கிறான். அவன் காலில் அந்தப் படிக்கல்லைக் கட்டியவன் நான். அவன் தகப்பனார் முகத்தை அன்று என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

இப்போது நிலவரம் இது. 42 பேரில் 26 பேர் முழுத் தொகையும் கொடுத்து விட்டார்கள். 9 பேர் 5,300 மீட்டருக்கு மட்டும் கணக்குப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள். 7 பேர், "ஏறவில்லையே" என்று ஒன்றும் கொடுக்கவில்லை. நிற்கும் பாக்கி சுமார் நாற்பதாயிரம். பள்ளியில் கழிப்பறைச் சுவர் எழும்பி விட்டது. தண்ணீர்த் தொட்டியும் மோட்டாரும் அந்தப் பணத்துக்காக நிற்கின்றன.

எழுதியது எழுதியபடிதான், மீட்டர் கணக்குதான் பேச்சு என்று வாதிடுபவர்களை நான் குறை சொல்லவில்லை. வியாபாரத்தில் அது நியாயம். மாதம் தவறாமல் கும்பாபிஷேகம், கட்சிக் கூட்டம், கபடிப் போட்டி என்று ரசீதுப் புத்தகம் நீட்டப்படும் சின்னக் கடைக்காரருக்கு ஐநூறு ரூபாயும் பெரிய தொகைதான். ஆனால் நாம் அங்கே வாங்கியது என்ன சரக்கு? கிளிமஞ்சாரோவின் உச்சியையா வாங்கினோம்? பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறையைத்தானே! அந்தச் சரக்கில் ஒரு செங்கல் கூடக் குறையவில்லை. பையன் மூச்சு வாங்கியது வெறும் சாக்கு. சாக்குக் கிழிந்ததற்குச் சரக்கு விலையைக் குறைப்பார்களா?

மகமை சொல்லும் பாடம்

என் தகப்பனார் விருதுநகரிலிருந்து செங்கல்பட்டு வந்து கடை போட்டவர். அந்த ஊர் விருதுபட்டி என்று இருந்த நாளில், வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு பங்கை மகமை என்று எடுத்து வைத்தார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தார்கள். அதில் நடந்ததுதான் க்ஷத்திரிய வித்யாசாலை. காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். யாரும் மலை ஏறவில்லை. லாபமோ நஷ்டமோ, மகமை தனி. எடுத்து வைத்த பிறகு அது நம் பணம் இல்லை. கணக்கு ஊர்ப் பொதுக்கூட்டத்தில் படிக்கப்பட்டது. அந்த இரண்டு குணமும்தான் அதைத் தாங்கி நிறுத்தின.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். ஆகவே இனி யார் மலை ஏறி வந்தாலும், மாரத்தான் ஓடி வந்தாலும், நமது சங்கம் சில விதிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று, போகிறவர் செலவு தனி, தர்மம் தனி. பயணத்துக்கு உதவி வேண்டுமென்றால் அதை அப்படியே சொல்லிக் கேட்கட்டும். பிடித்தவர்கள் கொடுக்கட்டும்.

இரண்டு, பணம் பயனடையும் பள்ளிக்கோ ஆஸ்பத்திரிக்கோ நேராகப் போக வேண்டும். கியூஆர் கோடு நீட்டினால் அது யார் கணக்கு என்று பார்த்து விட்டு அனுப்புங்கள். வரிக் கழிவு எதிர்பார்ப்பவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு கிடையாது என்பதையும், புதிய வரி முறைக்கு மாறிய தனிநபர்களுக்கு நன்கொடைக் கழிவே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்று, மூன்று மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கு நமது இதழில் அச்சாக வேண்டும். சுனாமி நேரத்தில் நான் கேட்கத் தவறியது இதைத்தான்.

நான்கு, இதுதான் முக்கியம். மீட்டருக்கு இவ்வளவு, உச்சி தொட்டால் இவ்வளவு என்று பந்தயம் கட்டக் கூடாது. கொடுப்பதைக் கிளம்பும் முன்பே கொடுத்து விட வேண்டும். நம் பணம் பத்திரமாகப் பள்ளியில் இருக்கிறது என்று தெரிந்தால், உடம்பு முடியாதபோது பிள்ளை நிம்மதியாக இறங்கி வருவான்.

நாற்பதாயிரம் பாக்கியில் என் பங்கு இல்லை. எழுதிய 5,895 ரூபாயை முன்பே கொடுத்து விட்டேன். ஆனால் இந்த யோசனை என்னுடையது. அந்த 9 பேரும் 7 பேரும் வரும் கூட்டத்துக்குள் முடிந்ததைக் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகும் குறைவது எதுவானாலும் என் பேரேட்டில் பற்று எழுதி நானே கட்டி விடுகிறேன். சுனாமி நேரத்தில் "எத்தனை வலை வாங்குனாங்க?" என்று கேட்ட அந்த அம்மாவின் பேத்தி அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். இந்த முறையாவது அவர் கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும்.

— ஒரு மொத்த வியாபாரி, செங்கல்பட்டு