கந்தைத் துணியும் கயிறும்



எரேமியா தீர்க்கதரிசியைத் துரவில் இறக்கிவிட்டார்கள். உள்ளே தண்ணீர் இல்லை, சேறுதான். தூக்கிவிட வானத்திலிருந்து தூதன் வரவில்லை. அரண்மனையில் வேலை பார்த்த எத்தியோப்பியன் எபெத்மெலேக்தான் ராஜாவிடம் போய்த் துணிந்து பேசினான். கயிறு அக்குளை அறுக்குமே என்று கந்தைத் துணியையும் சேர்த்து இறக்கினான் பாருங்கள், அந்த அக்கறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவனுக்கும் மனுஷர்மேல் பயம் இருந்தது. 39ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள்.

2015 டிசம்பரில் நம்ம பூந்தமல்லி பக்கத்துச் செம்பரம்பாக்கம் தண்ணீர் அடையாற்றில் பாய்ந்தபோது, மீனவர்கள் படகோடு தெருவுக்குள் வந்தார்கள். "கர்த்தர் காப்பாற்றினார்" என்று சபையில் சாட்சி சொல்கிறோம், சரிதான். படகு ஓட்டியவரை ஏன் விட்டுவிடுகிறோம்? வேதம் எபெத்மெலேக்கின் பெயரை எழுதி வைத்திருக்கிறதே!

அந்த மழையில் உங்களைக் கைதூக்கிவிட்டவர் யார்? கீழே எழுதுங்கள்.