வயதை மாற்றி எழுது

சனிக்கிழமையில் நொவீனா எம்ஆர்டி நிலையத்தில் இறங்கியிருந்தால் அந்தக் கூட்டத்தைக் கவனித்திருப்பீர்கள். தாம்சன் சாலையில் உள்ள புனித அல்போன்சஸ் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். அங்கே நடக்கும் நவநாள் வழிபாட்டை வைத்து ஊரே அதை நொவீனா தேவாலயம் என்று அழைக்க, 1987ல் திறந்த ரயில் நிலையமும் அந்தப் பெயரையே வாங்கிக்கொண்டது. நவநாள் என்றால் ஒன்பது நாள். அம்மாவின் கணக்கு வேறு. ஈசூனிலிருந்து எட்டு வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறார். அப்பாவோடு சண்டை போட்டு அண்ணன் வீட்டைவிட்டுப் போனதும் எட்டு வருடம் முன்புதான்.

அந்த வழிபாட்டில் ஒரு வழக்கம் உண்டு. மக்கள் தங்கள் வேண்டுதலையும் நன்றியையும் கடிதமாக எழுதிப் போடுவார்கள். சிலவற்றை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார்கள். வானொலியில் நேயர் விருப்பம் வாசிக்கிற எனக்கு அது பழகிய வேலைபோல இருக்கும். அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமில்லை என்பதால் மாதம் ஒரு கடிதம் என் பொறுப்பு. என் மகனுக்கு வயது 26, அவன் வீட்டுக்கு வர வேண்டும், அவன் அப்பாவின் மனம் இளக வேண்டும். அவ்வளவுதான். அதை யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

மூன்றாவது வருடமோ என்னவோ, அலுத்துப்போய்ச் சொன்னேன்: "அதே கடிதம்தானேம்மா. நகல் எடுத்து வச்சுக்கலாமே?"

"அவனுக்கு வயசு கூடுதுல்ல? அதை மாத்தி எழுது."

அன்றைக்குத்தான் உறைத்தது. என் கோபத்தில் அண்ணன் இன்னும் கதவை அறைந்து சாத்திய அந்த 26 வயதிலேயே நின்றுகொண்டிருந்தான். அம்மாவின் வேண்டுதலில் அவன் வளர்ந்துகொண்டிருந்தான்.

விடாமல் கேட்டால் கடவுள் கொடுத்தே தீருவார் என்பவர்கள், லூக்கா 18ஆம் அதிகாரத்து விதவையைக் காட்டுவார்கள். நீதி கேட்டு அவள் ஓயாமல் வர, தொல்லை தாங்காமல் நீதிபதி இறங்கி வருவான். ஆனால் அவன் கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத ஆள். அப்படிப்பட்டவனே இறங்கி வரும்போது கடவுள் கேட்கமாட்டாரா என்பதுதான் இயேசுவின் கேள்வி. கடவுளைக் களைப்படைய வைக்கும் வித்தை எதையும் அவர் சொல்லித் தரவில்லை. அவரே கெத்சமனியில், ஒரே இரவில் மூன்று முறை, அதே சொற்களால் வேண்டினார் என்கிறது மத்தேயு நற்செய்தி. தன் விருப்பம் அல்ல, தந்தையின் விருப்பமே ஆகட்டும் என்பதும் அந்த வேண்டுதலில் இருந்தது. துன்பக் கிண்ணம் அவரைவிட்டு அகலவில்லை.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கிப் பார்த்தேன். "அதை ஃபாதர் பார்த்துக்குவாரு. நீ எழுது" என்றார்.

அண்ணன் இன்னும் வரவில்லை. போன சனிக்கிழமை நான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கிறிஸ்துமஸுக்கு மட்டும் தேவாலயம் வரும் அப்பா, நாளிதழிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்:

"அவனுக்கு முப்பத்தஞ்சு ஆயிருச்சா?"

அம்மா செருப்பை மாட்டியபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு, "வர்ற மார்ச்லதான்" என்றார்.

நான் 34 என்று எழுதினேன்.